வடக்குச் சுவருக்கு உடம்பு சரியில்லை

தென்காசியிலிருந்து மேற்கே போகிற டவுன் பஸ்ஸில் மழைக்காத்தான்பட்டி நிறுத்தம் வரும்போது கண்டக்டர், "பட்டி ஆளுக இறங்குங்க, விவரமானவுக உக்காருங்க" என்றுதான் சத்தம் கொடுப்பார். அதற்காக ஊர்க்காரர்கள் கோபப்பட்டதே இல்லை. விவரமானவர்கள் உட்காரட்டும், பாவம், என்று பெருந்தன்மையோடு இறங்கிவிடுவார்கள்.

அந்த ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்லக் கூடாது. பஞ்சம் என்றால் அந்தச் சரக்கு முன்னே ஒரு காலத்திலாவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊரிலும் தனியாகக் கைகாட்டிச் சொல்லும்படி இருந்தவர்கள் ஒரு வீட்டு அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் நல்லபெருமாள், நடுவில் குத்தாலிங்கம், கடைசி வேலாண்டி. இதில் நல்லபெருமாளுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருத்தர் விசாரிக்காமல் பெண் கொடுத்துவிட்டார். கல்யாணப் பந்தலில் ஐயர் "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று சொன்னதும், நல்லபெருமாளே எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்து "மாப்பிள்ளே, மாப்பிள்ளே" என்று கூப்பிட்டான். பெண்ணைப் பெற்றவர் அப்போதே எழுந்து செருப்பைத் தேடினார். அதற்குள் சமையல் முடிந்து இலையும் போட்டாகிவிட்டது.

பெண்ணின் பெயர் உலகம்மாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் குப்பை கொட்டுகிறாள். நாலு வயதில் பேச்சி என்று ஒரு மகள். நல்லபெருமாளுக்கு இந்த உலகத்தில் உருப்படியாகத் தெரிந்த ஒரே காரியம், அந்தப் பிள்ளையைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வருவது. மணி அடிக்கிற வேலை பேச்சியுடையது. அவன் கையைக் கொண்டுபோனால் கடித்துவிடுவாள்.

போன ஆனிக் கடைசியில் சாரல் பிடித்ததும் பேச்சிக்கு இழுப்பு வந்தது. ராத்திரியும் பகலும் நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. மணி அடிக்கிற கையில் பலமில்லை. நல்லபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை படுக்கிற அறை எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"வடக்குச் சுவர் பூராவும் பூசணம் டாக்டர்" என்றாள் உலகம்மாள். "கருப்பும் பச்சையுமா மேல வரைக்கும் ஏறியிருக்கு. தொட்டா கையில பொடி ஒட்டுது. சுவருக்கு வெளியே ஒட்டினாப்புல ஒரு தண்ணித் தொட்டி இருக்கு, அதுல கீறல். ரெண்டு வருஷமா இவுககிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சது."

டாக்டரம்மா நல்லபெருமாளைப் பார்த்துத் திரும்பினார். திரும்பியது தப்பு. உலகம்மாளிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

"நல்லாக் கேட்டுக்கங்க. அந்தப் பூசணப் பொடி காத்துல கலந்து பிள்ளை மூச்சுக்குள்ள போகுது. அதனாலதான் இழுப்பு. நான் மருந்து தாரேன். ஆனா நோய் பிள்ளைகிட்ட இல்ல, உங்க சுவர்கிட்ட இருக்கு. முதல்ல சுவருக்கு வைத்தியம் பாருங்க. அதைத் தொடும்போது மூக்கையும் வாயையும் நல்லா மூடிருங்க. சரியாகிற வரைக்கும் பிள்ளை அந்த வீட்டுல இருக்க வேண்டாம்."

நல்லபெருமாளுக்கு ஒரு திறமை உண்டு. யார் சொன்னதையும் ஒரு வார்த்தை சிந்தாமல் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடுவான். சேர்த்த பிறகுதான் ஆபத்து.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே உலகம்மாள் பிள்ளையோடு அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பினாள். "ஒரு மாசம் தாரேன்" என்றாள். "ஆவணி ஒண்ணாந்தேதி வருவேன். சுவரு சரியாயிருந்தா உள்ள வருவேன். இல்லைன்னா கையில இருக்கிற பையைக் கீழே வைக்க மாட்டேன். அப்படியே திரும்பிருவேன். பிறகு நீங்களும் உங்க தம்பிமாரும் அந்தச் சுவரைக் கட்டிக்கிட்டு அழுங்க."

பேச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, மணியை யாரும் அடிக்கக் கூடாது" என்றாள். மூச்சு வாங்கியதால் அதையே மூன்று தவணையாகச் சொன்னாள். நல்லபெருமாள் அன்றைக்குப் பட்டி நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் மணி அடிக்காமலே சைக்கிள் ஓட்டி, வழியில் இரண்டு ஆடுகள் மேலும் ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் மேலும் மோதினான்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையாம்லே. வடக்குச் சுவருக்குத்தான் உடம்பு சரியில்லையாம். டாக்டரம்மா சொல்லிட்டாக."

மூன்று பேரும் சுவருக்கு முன்னால் போய் நின்றார்கள். கருப்புத் திட்டும் பச்சைத் திட்டுமாக, ஓரங்களில் வெள்ளை மயிர் பூத்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இரண்டு வருஷமாக அதன் முன்னால் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறார்கள். இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி உச்சுக்கொட்டினார்கள்.

"பாவம்ணே" என்றான் வேலாண்டி. "ஒரு வார்த்தை சொல்லலையே நம்மகிட்ட."

குத்தாலிங்கம் புறங்கையை வைத்துப் பார்த்தான். "சில்லுன்னு இருக்கு. வேர்த்திருக்கு."

"வேர்த்தா காய்ச்சல் விட்டிருக்குன்னு அர்த்தம்" என்றான் நல்லபெருமாள். தொட்டித் தண்ணீர்தான் சுவரை ஊடுருவிக் கசிகிறது என்று அவன் பெண்டாட்டி இரண்டு வருஷம் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. சுவர் தனக்குத் தானே வேர்த்தது என்பது சட்டென்று ஏறிவிட்டது. "இனி ஆக வேண்டியதைப் பாப்போம். தொடும்போது மூக்கையும் வாயையும் நல்லா மூடணும்னு சொல்லியிருக்காக."

வேலாண்டி சுவரை மேலும் கீழும் தேடிப் பார்த்தான்.

"அண்ணே, சுவருக்கு மூக்கு எதுண்ணே?"

"யாரு மூக்குன்னு அவுக சொன்னாகளா?" என்று குத்தாலிங்கம் கேட்டான். அந்த வீட்டில் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கப்படுகிற நல்ல கேள்வி அது.

நல்லபெருமாள் அவனைக் கேவலமாகப் பார்த்தான். "நோயாளி யாருலே? நீயா, சுவரா?"

"சுவருதான்."

"அப்போ யாரு மூக்கு?"

குத்தாலிங்கம் அண்ணனின் அறிவுக்குத் தலை குனிந்தான். அவன் அதற்கப்புறம் நல்ல கேள்வி எதுவும் கேட்கவில்லை. அடுத்த நூறு வருஷத்துக்கு அந்த வீட்டில் கவலையில்லை.

தீர விவாதித்து, உயரத்தில் இருக்கிற காற்றுப்போக்கி மூக்கு, கீழே இருக்கிற ஜன்னல் வாய் என்று முடிவு செய்தார்கள். ஜன்னலைச் சாத்திச் சாக்கு வைத்து அடைத்தார்கள். காற்றுப்போக்கியில் பழைய தலையணையைத் திணித்தார்கள். அந்த அறைக்குள் இத்தனை நாள் ஏதோ பிழைத்துப் போ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காற்றும் வெளிச்சமும் அத்தோடு நின்றன. பூசணத்துக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் செய்திருக்க முடியாது.

மறுநாளிலிருந்து கவனிப்பு தொடங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று நொச்சி இலை போட்டு அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, காலையும் மாலையும் சுவருக்கு ஆவி பிடித்தார்கள். சுவர் மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தி, ஆவி வெளியே போகாமல் வேலாண்டி ஓரங்களைப் பிடித்துக்கொள்வான். பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் சுவரிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழியும். "நல்லா இறங்குதுலே சளி" என்று நல்லபெருமாள் திருப்திப்படுவான். பச்சை கருமையாகியது. கருமை கிழக்குச் சுவர் ஓரம் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தது.

ஊருக்குச் செய்தி பரவியது. மழைக்காத்தான்பட்டியில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் கிடையாது. ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தராக வந்தார்கள். சுவருக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, "எப்போ இருந்து இப்படி?" என்று விசாரித்தார்கள். "எங்க மாட்டுக்கொட்டகைச் சுவருக்கும் இப்படித்தான் வந்துச்சு, மூணே நாள்தான், போயிட்டு" என்று ஒருத்தர் ஆறுதல் சொன்னார். நோயாளி முன்னால் அப்படிப் பேசலாமா என்று அவரை எழுப்பி அனுப்பினார்கள்.

ரொட்டிப் பொட்டலங்களைச் சுவரோரமாக அடுக்கி வைத்தார்கள். மூன்றாம் நாள் வேலாண்டி ஓடிவந்தான்.

"அண்ணே, ரொட்டியைத் தொட்டிருக்குண்ணே."

போய்ப் பார்த்தால் ரொட்டியின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஆரஞ்சுப் பழத்தில் வெள்ளை. நல்லபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாய்க்குப் பிடிக்க ஆரம்பிச்சுட்டு. இனிப் பயமில்லை." உடனே இன்னும் நாலு ரொட்டி வாங்கிவரச் சொன்னான்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் போன் செய்தாள்.

"சுவரு எப்படி இருக்கு?"

"தேவலை. நேத்தைக்கு இன்னைக்கு முகத்துல ஒரு தெளிச்சி இருக்கு."

 உலகம்மாள் அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷம் குடித்தனம் செய்தும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. "கொத்தனாரைக் கூப்பிட்டீங்களா?"

"எதுக்கு?"

"சங்கிலிக் கொத்தனாரை வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. பேச்சிக்கு இங்க வந்ததுல இருந்து இழுப்பே இல்ல. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

நல்லபெருமாள் போனை வைத்துவிட்டுச் சைக்கிள் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். மணியைத் துடைத்தான், சத்தம் வராதபடி. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிடப் போனான்.

சங்கிலிக் கொத்தனார் அந்த ஊர்க்காரர் இல்லை, பக்கத்து ஊர். அதனால் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே நுழைந்தவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னவே இது, அறையா, காளான் பண்ணையா? முதல்ல அந்த ஜன்னலைத் திறவும். தொட்டியிலதான் கசிவு. அதை இடிச்சு எடுத்துருவோம். சுவரைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் தண்ணி போட்டுக் கழுவி, நல்லாக் காய விட்டுச் சுண்ணாம்பு அடிச்சாப் போதும். ஒரு வார வேலை."

மூன்று பேரும் அறை வாசலை மறித்து நின்றார்கள்.

"சுரண்டணுமா?" என்றான் நல்லபெருமாள்.

"சுரண்டாம பிறகு?"

"உமக்குக் காய்ச்சல் வந்து உம்ம வாயையும் மூக்கையும் பொத்திப் படுக்க வச்சிருக்கோம்னு வையும். ஒருத்தன் வந்து உம்மைச் சுரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டா எப்படிவே இருக்கும்?"

கொத்தனார் மூன்று முகங்களையும் வரிசையாகப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு முகத்திலும் அடையாளம் இல்லை.

"நீரு எந்தக் காலேஜுல படிச்சீரு?" என்று வேலாண்டி கேட்டான்.

சங்கிலிக் கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தாயே உலகம்மா, நீ நல்லா இரு" என்று அம்பாசமுத்திரம் இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி பிறந்து இருபது நாள் போவதற்குள் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. காற்றே நுழையாத அறையில், சுவருக்கு முன்னால், இருபத்துநாலு மணி நேரமும் காவல் இருந்தால் என்ன ஆகும்? கண் எரிந்தது, தொண்டை அரித்தது, வேலாண்டிக்கு ராகத்தோடு இழுக்க ஆரம்பித்தது. தென்காசிக்குப் போய் மூன்று பேரும் வரிசையாக டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். குழாயை வைத்துப் பார்த்தார். மருந்து எழுதினார். "மூணு பேரும் அந்த அறையிலயேதான் இருந்தீங்களா?"

"பின்னே, தனியா விட்டுட்டு எப்படி வர? ஒருத்தரு மாத்தி ஒருத்தரு கூடவே இருந்து பாத்துக்கிட்டோம்" என்றான் நல்லபெருமாள்.

டாக்டரம்மா அதை வேலாண்டியைப் பற்றிச் சொன்னதாக நினைத்துக்கொண்டார். "சரி, இனியாவது நல்ல காத்தும் வெயிலும் படுற இடமாப் பாத்துப் படுக்கணும். ஒரு வாரம் நல்லாப் படுத்து ஓய்வெடுத்தாத்தான் எந்த நோயும் குணமாகும். நின்னுக்கிட்டே இருந்தா எப்படி ஆகும்? அடுத்த ஆளு வாங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் நல்லபெருமாள் டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். ஊர் எல்லை வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நாம மனுசங்களாலே? இருபத்தஞ்சு நாளா அது நின்னுக்கிட்டே இருக்குலே."

"ஆமாண்ணே" என்றான் குத்தாலிங்கம்.  "ஒரு நிமிஷம் உக்காரக்கூட இல்லையே."

"நம்ம அப்பா கட்டுன நாள்ல இருந்து நிக்குதுலே" என்றான் வேலாண்டி. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கினார்கள். காற்றும் வெயிலும் படுகிற இடம் என்றால் சுவருக்கு வெளிப்பக்கம் இருக்கிற முற்றம்தான். அங்கே படுக்கை விரிக்கலாம் என்றால் தண்ணித் தொட்டி இடைஞ்சலாக நின்றது. சம்மட்டியை எடுத்துத் தொட்டியை உடைத்து, துண்டு துண்டாக அப்புறப்படுத்தினார்கள். இரண்டு வருஷமாகச் சுவருக்குள் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்த சனியன் அன்றோடு ஒழிந்தது. பெண்டாட்டி கெஞ்சியும் கொத்தனார் சொல்லியும் நடக்காத காரியம், பாய் விரிக்க இடம் போதவில்லை என்பதால் நடந்தது.

வீட்டுக் கூரையின் உத்திரம் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் உட்கார்ந்திருந்தது. அது யாரோ விவரமான ஆசாரி செய்த புண்ணியம். அண்ணன் தம்பிகள் வடக்குச் சுவரின் இரண்டு ஓரங்களையும் கடப்பாரையால் நெம்பி விட்டு, தேங்காய்நார்க் கயிறு கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"மெல்ல, மெல்ல. வேலாண்டி, கழுத்தைத் தாங்கு."

"கழுத்து எதுண்ணே?"

"மூக்குக்குக் கீழே, வாய்க்கு மேலே."

வேலாண்டி கழுத்தைத் தேடி முடிப்பதற்குள் சுவர் தடாலென்று முற்றத்தில் விழுந்து, நாலு பாளமும் கொஞ்சம் செங்கல் குவியலுமாகச் சிதறியது. புழுதி அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

"படுத்துட்டு" என்றான் நல்லபெருமாள். "அசதியைப் பாத்தியா, கால் கை எப்படி வீசிக் கிடக்குன்னு."

தலைக்குத் தலையணை வைத்து, கம்பளி போர்த்திவிட்டார்கள். பகலில் வெயில் பட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் கம்பளியை விலக்கிவிடுவார்கள். அந்த வாரம் பார்த்துச் சாரலும் இல்லை. ஆடி வெயில் சுள்ளென்று அடித்தது. பச்சை மங்கியது, கருப்பு சாம்பல் பூத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு பக்கம் திறந்து கிடந்த அறைக்குள் காற்று புகுந்து சுற்றியது. மூன்று பேருடைய இருமலும் போன இடம் தெரியவில்லை.

நல்லபெருமாள் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டான். "குணமாயிட்டு. பொட்டு நோய் இல்ல. நீ கிளம்பி வா."

ஆவணி ஒண்ணாந்தேதி காலையில் உலகம்மாள் வந்தாள். ஒரு கையில் பை, இடுப்பில் பேச்சி. வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அறைக்கு மூன்று சுவர்தான் இருந்தது. நாலாவது சுவர் இருந்த இடத்தில் முற்றமும் முருங்கை மரமும் வானமும் தெரிந்தன.

அவள் கத்தப்போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கத்தவில்லை. காற்றை மோந்து பார்த்தாள். பூசண வாடை இல்லை. கிழக்குச் சுவரைத் தொட்டாள், மேற்குச் சுவரைத் தொட்டாள். எலும்பாகக் காய்ந்திருந்தன. பேச்சி இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, அறையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடி, சைக்கிளிடம் போய் மணியை அடித்தாள். மூச்சு வாங்கவில்லை. தொட்டியும் இல்லை, கசிவும் இல்லை. எப்படி நடந்தது என்பதை விட்டுவிட்டால், கேட்டதெல்லாம் நடந்திருக்கிறது.

உலகம்மாள் பையைக் கீழே வைத்தாள். ஆனால் திறக்கவில்லை.

நல்லபெருமாள் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு அழுதுவிட்டான். சத்தியமாக அது ஒன்றுதான் அவன் அந்த மாதம் முழுக்கச் சரியான காரணத்துக்காகச் செய்த காரியம்.

"பேச்சி, இங்க வா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டான். "முற்றத்துல படுத்திருக்கு பாரு. போய்த் தடவிக் கொடு. உன்னைத்தான் தேடிச்சு."

உலகம்மாள் பிள்ளையை ஒரே எட்டில் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். முற்றத்தில் கம்பளிக்குக் கீழே கிடந்த பாளங்களைப் பார்த்தாள். பொடி இன்னும் அதில் இருந்தது. ஒரு சாரல் விழுந்தால் மறுபடியும் பூக்கும். பிள்ளை விளையாடுகிற இடம். அதை அள்ளிக் கொட்டிவிட்டு வாருங்கள் என்று சொன்னால் இந்த மூன்று பேரும் நோயாளியை எப்படிக் கொட்டுவது என்று நாலு நாள் கேட்பார்கள். ஆறு வருஷம் அவள் சும்மா வாழவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, செங்கல் மேல் கையை வைத்தாள்.

"என்னங்க" என்றாள் மெதுவாக. "மூச்சு இல்லையே."

 குத்தாலிங்கம் ஓடிப்போய்ப் பஞ்சு கொண்டுவந்தான். உடைந்த காற்றுப்போக்கியின் சட்டத்துக்கு முன்னால் பஞ்சைப் பிடித்தான். முருங்கையை ஆட்டிக்கொண்டிருந்த காற்றில் பஞ்சு படபடவென்று ஆடியது.

"இருக்கு மைனி, மூச்சு இருக்கு" என்றான்.

உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. பஞ்சும் நின்றது.

"போயிட்டு" என்றாள்.

அதற்கப்புறம் நடந்த ஒப்பாரியைச் சொல்லி முடியாது. வேலாண்டி பாளத்தின் மேல் விழுந்து புரண்டான். ரொட்டி வாங்கிவந்தவர்கள் எல்லாம் மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாட்டுக்கொட்டகைச் சுவர்க்காரர், "நான் அப்பவே சொன்னேன், மூணு நாள்னு. இது ஒரு மாசம் தாங்குச்சே, அதைச் சொல்லுங்க" என்றார். மத்தியானத்துக்குள் அத்தனையையும் இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றி, கம்பளியோடு, தலையணையோடு, ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

உலகம்மாளுக்கு மனசு லேசாகிவிட்டது. அறையைப் பெருக்கினாள். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சங்கிலிக் கொத்தனாரைக் கையோடு கூட்டிவரப் பக்கத்து ஊருக்கு நடந்தாள். இரண்டு ஜன்னல் வைத்துப் புதுச் சுவர். ஒரு வார வேலை. வந்துதான் பையைத் திறந்து துணிமணியை எடுத்து அடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கொத்தனாரோடு திரும்பி வந்தபோது சாயங்காலம் நாலு மணி. வாசல்படியிலேயே காலில் தண்ணீர் பட்டது.

வடக்கே மிஞ்சியிருந்த அடிக்கட்டு தடுத்ததில் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கிழக்குச் சுவர், மேற்குச் சுவர், தெற்குச் சுவர், மூன்றும் உச்சியிலிருந்து அடிவரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றன. அண்ணன் தம்பி மூன்று பேரும் ஈர வேட்டியோடு, ஆளுக்கு ஒரு குடத்தோடு, மூச்சு இளைக்க நின்றார்கள்.

"என்ன பண்ணியிருக்கீங்க?" என்றாள் உலகம்மாள்.

நல்லபெருமாள் அவளைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தான். வீட்டுக்கு வாழ வந்தவள், இதுகூடத் தெரியவில்லையே என்று. "துட்டி விழுந்த வீடு. புதைச்சுட்டு வந்தா நாங்க தலை முழுகிட்டோம். கூடப் பிறந்ததுக மூணும் முழுக வேண்டாமா? நாற்பத்தெட்டுக் குடம். நாங்களே ஊத்துனோம்."

"துடைங்க" என்றாள்.  "துணியை எடுத்துத் துடைங்க."

"துவட்டக் கூடாது மைனி" என்று குத்தாலிங்கம் பொறுமையாக விளக்கினான். "மூணு நாளைக்கு ஈரத்தோடதான் நிக்கணும். அதுதான் முறை."

"அப்போ புதுச் சுவரு?" என்று கொத்தனார் கேட்டுப் பார்த்தார்.

"வருஷம் திரும்பாம நல்ல காரியம் எப்படிவே? நீரு எந்தக் காலேஜுல படிச்சீரு?" என்றான் வேலாண்டி.

பேச்சி ஒரு தடவை இருமினாள். உலகம்மாள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த பையை எடுத்தாள். அதைத் திறக்காமல் விட்ட தன் புத்தியை நினைத்துத்தானோ என்னவோ, கண்ணில் தண்ணீர் முட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். கொத்தனாரும் பின்னாலேயே போனார்.

"மைனி அழுதுக்கிட்டே போறாகளே" என்றான் குத்தாலிங்கம்.

"தாங்க முடியலை, பாவம்" என்றான் வேலாண்டி. "ஆறு வருஷம் பழகுன சுவரு."

நல்லபெருமாள் சைக்கிளிடம் ஓடினான். தெருமுனையில் பேச்சியின் தலை மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலே தெரிந்தது. பஸ் வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. சைக்கிளை எடுத்தால் பிடித்துவிடலாம். ஒரு காலைப் பெடலில் வைத்தும்விட்டான்.

அப்போது திரும்பி அறையைப் பார்த்தான். மூன்று சுவர்களிலும் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"எப்படிலே விட்டுட்டுப் போக?" என்றான், சைக்கிளைச் சாத்திவிட்டு. "மூணும் எப்படி அழுது பாரு."

உள்ளே போய்க் கிழக்குச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.